பாதிச் சவரம்

இது எனக்கு நடந்ததில்லை. எங்கள் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் பூபாலன் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குக் கீழே நான் ஒன்பது மாதமாகப் பயிற்சிப் பொறியாளராக இருக்கிறேன். ஆயுத பூஜை அன்று மதியம் எந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து, பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். முகத்தின் இடது பாதி வழவழவென்று இருந்தது. வலது பாதியில் பத்து நாள் தாடி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மரியாதை காரணமில்லை, பயம்தான் காரணம். அதனாலேயோ என்னவோ, பொரி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் முழுவதையும் சொன்னார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சான்றிதழை மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். எழுத்தில் தப்பு வந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற கவலையும் உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் கண்ணால் பார்த்தது அந்தப் பாதித் தாடியும் இன்னொன்றும்தான். அந்த இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அவர் சொன்னது. ‘நான்’ என்று அவர் சொன்ன இடத்தில் ‘நான்’ என்றே எழுதியிருக்கிறேன். அவர் மூச்சு விட நிறுத்திய இடங்களை மட்டும் நான் நிரப்பியிருக்கிறேன்.

“கழுத்த ஆட்டாதீங்க சார்” என்கிறார் தண்டபாணி. நான் கழுத்தை ஆட்டவில்லை, கண்ணைத்தான் ஆட்டுகிறேன், கண்ணை ஆட்டினால் கழுத்து நரம்பும் சேர்ந்து அசையும்போல, இருபது வருடமாகச் சவரம் செய்கிறவருக்கு அது தெரியாதா. எனக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் என் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவு, கதவுக்கு வெளியே தெரு, தெரு ஓரத்தில் என் கார். கடையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். சவரம் நன்றாக இருக்கும் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, ஆனால் அங்கே நாற்காலி சுவரைப் பார்த்து இருக்கும். இங்கே உட்கார்ந்தால் கார் தெரியும், இடமும் வலமும் மாறித் தெரியும், அவ்வளவுதான். நிறுத்துகிற இடத்தைப் பார்த்துப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. வேப்பமரத்தடி நிழல்தான், ஆனால் பிசின் சொட்டும். மின்கம்பிக்குக் கீழே காக்கை உட்காரும். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் கிரிக்கெட். டீக்கடை முன்னால் நிறுத்தினால் டம்ளரை பானட் மேல் வைப்பார்கள். கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டு முடிகிற இடத்தில், மேலே வெறும் வானம் மட்டும் இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு கதவு முழுசாகத் திறக்கிற அளவு விட்டு நிறுத்தினேன். வானத்தைப் பார்த்தேன், மேகம் இல்லை. இன்னும் இரண்டு நாள், மேகமே இல்லாமல் இன்னும் இரண்டு நாள் போய்விட்டால் போதும். பெயிண்டுக்கு மேல் பளபளப்புக்காகச் செராமிக் கோட்டிங் அடித்த கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “ஏழு நாளு சார், தண்ணி படக்கூடாது, கை படக்கூடாது, எதையும் தடவக்கூடாது, ஏழு நாளு பச்சக் கொழந்த மாதிரி.” இன்று ஐந்தாம் நாள். பச்சைக் குழந்தை. அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

பச்சைக் குழந்தை என்றால் மேகலா ஞாபகம் வருகிறது, மேகலாவுக்கு இது முப்பத்தேழாவது வாரம், அதை நினைக்க வேண்டாம், காரை நினைப்போம். எட்டு வருடப் பழைய வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கும்போது அது வேறு யாருடையதோ, சிகரெட் நாற்றமும் சீட்டுக்கு அடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் இருந்தன. அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத பூச்சு, புது வீல், முன்விளக்குக்குள் லென்ஸ், கதவு ஓரங்களுக்கு ரப்பர், எலி வராமல் இருக்க எஞ்சினுக்குள் அந்துருண்டை கட்டிய துணி. கண்ணாடிக்கு நீலத் துணி, பெயிண்டுக்கு மஞ்சள் துணி, வீலுக்குச் சாம்பல் துணி. ஒருநாள் மேகலா மஞ்சள் துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டாள், அன்று நான் கத்தவில்லை, துணியை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்தேன். அவள் அதைச் சொல்லிக்காட்டும்போதெல்லாம் “கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை” என்கிறாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் எடுக்கவில்லை, புதுசாகத் தைத்த சீட், எடுத்தால் அழுக்காகும். வெயில் காலத்தில் உட்கார்ந்தால் சட்டை ஒட்டும், எழுந்தால் பிளாஸ்டர் பிய்க்கிற சத்தம் வரும். என் மச்சினன் ஒருமுறை முறுக்குப் பொட்டலத்தோடு ஏறினான், “மாப்ள, முறுக்கு இறங்கட்டும், நீ ஏறு” என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். முறுக்கு இறங்கும்வரை வண்டியை எடுக்கவில்லை என்பதும் உண்மை.

“மணி பத்து தாண்டீருச்சுங்க” என்கிறார் தண்டபாணி. கத்தி என் இடது கன்னத்தில் இறங்குகிறது. “நீங்கதான் கடைசி. பத்தரைக்குக் கத்தி, கத்திரி, சீப்பு எல்லாத்தையும் சாமிகிட்ட வெச்சுருவேன். வெச்சாப் பொறவு தொட மாட்டேன். விஜயதசமிக்குத்தான் எடுக்கறது.” சரிங்க என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், “பேசாதீங்க” என்கிறார். பேசவில்லை. கண்ணாடிக்குள் ஆட்டோ ஸ்டாண்டு தெரிகிறது. ஏழு ஆட்டோ, வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டு வரிசையாக நிற்கின்றன. முதல் ஆட்டோ முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், கையில் ஒரு கிண்ணம். குனிகிறார். மூன்று விரலால் முகப்பில் இழுக்கிறார். சந்தனம். நடுவில் குங்குமம். நிமிர்கிறார், தள்ளி நின்று பார்க்கிறார், அழகாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியிருக்கும். இரண்டாவது ஆட்டோவுக்குப் போகிறார். நல்ல விஷயம்தான், பண்டிகை, தொழில் செய்கிறவர்கள் வண்டிக்குப் பொட்டு வைக்கிறார்கள். மூன்றாவது ஆட்டோ. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிகிறது. ஏழு ஆட்டோ, அப்புறம் ஒரு தயிர் டெம்போ, அது ஸ்டாண்டைச் சேர்ந்ததில்லை, அப்புறம் நான். தயிர் டெம்போவுக்கு வைக்க மாட்டார். ஸ்டாண்டோடு நின்றுவிடும். ஸ்டாண்டு பூஜை ஸ்டாண்டோடு நிற்காதா?

நான் பூஜை செய்யாதவன் இல்லை. காலையில் செய்தேன். பெயிண்டில் எதையும் தடவக்கூடாது என்பதால் மேகலாவின் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து நம்பர் பிளேட்டில் ஒட்டினேன். நம்பர் பிளேட்டில் கோட்டிங் இல்லை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், ஆனால் எலுமிச்சைச் சாறு புளிப்பு, புது வீலில் தெறித்தால் புள்ளி விழும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதனால் பழங்களைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்தேன். பழம் நாலும் அப்படியே முழுசாகக் கிடந்தது. மேகலா வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “சாமிக்கே ரிவர்ஸ் கியரா?” என்றாள். அப்புறம் மெதுவாகக் குனிய முயன்று, முடியாமல், “அந்தப் பழத்தையாவது எடுத்துக் குடுங்க, ஜூஸ் போட்டுக்கறேன்” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். சாமி கோபித்துக்கொண்டிருக்குமா? கோபித்துக்கொண்டால் எங்கே காட்டும்? வண்டியிலா, இல்லை வேறு எங்காவதா? வேறு எங்காவது என்ற இடத்தில் என் நினைப்பு ஒரு ஆணியில் சட்டை மாட்டியதுபோல மாட்டிக்கொள்கிறது. இழுத்துக்கொண்டு வருகிறேன். ஐந்தாவது ஆட்டோ.

“என்னுங்க சார், வேர்க்குது?” என்கிறார் தண்டபாணி. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. இடது பாதி முடிந்துவிட்டது. அவர் கத்தியைத் துடைத்து வலது பக்கத்துக்கு வருவதற்குள் நான் எழுந்து போய் நின்றால் என்ன? எழுந்து போய் என்ன சொல்வது? ‘அண்ணா, என் வண்டிக்கு வேண்டாம்’ என்று ஆயுத பூஜை அன்று சொல்வதா? அப்படிச் சொன்ன ஆளுக்கு அடுத்த திருப்பத்தில் என்ன ஆகும் என்று அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சரி, வைக்கட்டும், வைத்துவிட்டுப் போனதும் துடைத்துவிடலாம். துடைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் படக்கூடாது. காய்ந்த சந்தனத்தை மஞ்சள் துணியால் தேய்த்தால் மணல் காகிதத்தால் தேய்த்த மாதிரி. முன் கண்ணாடியில் வையுங்கள் என்று சொல்லலாம், ஆம், கண்ணாடி, கண்ணாடியில் கோட்டிங் இல்லை, இதுதான் வழி, கண்ணாடியில் வைக்கச் சொல்லிவிடலாம், ஏன் இது இவ்வளவு நேரம் தோன்றவில்லை. அதைப் போய்ச் சொல்ல நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் பத்தரை ஆகிவிடும். பத்தரை ஆனால் கத்தி சாமியிடம் போய்விடும். கத்தி சாமியிடம் போனால் மதியம் கம்பெனி பூஜையில், முதலாளி குடும்பத்தோடு எடுக்கிற போட்டோவில், நான் பாதி முகத்தோடு நிற்பேன், அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள், ஒரு வருடம் தொங்கும். ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் பானட். ஏழாவது ஆட்டோ. அவர் நிமிர்கிறார். கிண்ணத்துக்குள் பார்க்கிறார். சந்தனம் மீதம் இருக்கிறது. மீதம் இருக்கிற சந்தனம்தான் உலகத்திலேயே ஆபத்தானது.

கிண்ணத்தோடு அவர் தெருவைக் கடந்து கடைக்குள் தலையை நீட்டுகிறார். கண்ணாடியில் என் தலைக்கு மேல் அவர் தலை. “தண்டபாணி, சூடம் ஒண்ணு இருந்தாக் குடு, பத்தலெ.” தண்டபாணி கத்தியைப் பிடித்த கையாலேயே மேசை டிராயரைக் காட்டுகிறார். சூடத்தை எடுத்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “அட, சாருங்களா! மூணாவது வீதி மேகலா அம்மணி வீட்டுக்காரருதானுங்க? நான் கிட்டுசாமிங்க.” எனக்கு இவரைத் தெரியாது. இவருக்கு என் மனைவியைத் தெரிந்திருக்கிறது. “அம்மணி போன வாரம் நம்பரு வாங்குச்சுங்களே. எந்நேரம்னாலும் ஒரு போன் அடி கண்ணு, வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கறேன். ஆஸ்பத்திரி வரைக்கும் வெள்ளோட்டமே போயிட்டு வந்துட்டமுங்க. குழி இல்லாத வழி ஒண்ணு இருக்குது, ஒம்போது நிமிசம், அம்மணி வாச்சுல பாத்துச்சு.” நான் ஏதோ சொல்ல வேண்டும். மேலுதட்டின் மேல் கத்தி இருக்கிறது. “சாருக்கு நேரம் இருக்காதுன்னு சொல்லுச்சுங்க” என்று அவரே எனக்காகச் சமாதானமும் சொல்கிறார். அப்புறம் வெளியே எட்டிப் பார்க்கிறார். “அந்தச் செவப்பு காரு உங்களுதுங்களா? கண்ணாடியாட்டம் வெச்சிருக்கீங்க. அதுக்கும் வெச்சுர்றேனுங்க.” போய்விட்டார்.

ஒன்பது நிமிடம். வாட்ச்சில் பார்த்திருக்கிறாள். அந்த வாட்ச் நான் வாங்கிக் கொடுத்ததுதான். ஒருநாள் ராத்திரிச் சோறு போடும்போது சொன்னாள், “வலி எடுத்தா நான் ஆட்டோவுல போயிக்கறேன். உங்க சீட்டு நனைஞ்சுரும்.” நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசித்தால் அவள் ரசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதிலுக்கு என்ன சொன்னேன்? ‘அதுக்குத்தான் பிளாஸ்டிக் கவர் இருக்கே’ என்று சொன்னேன். அதைத் தமாஷ் என்று நினைத்துச் சொன்னேன். எட்டு மாதமாக இந்தக் காருக்கு என்னென்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும், கல், காக்கை, எலி, எலுமிச்சை, முறுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு துணி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எது குழி இல்லாத வழி என்று எனக்குத் தெரியாது. எந்த நேரம் நெரிசல், எந்த வாசலில் இறக்க வேண்டும், தெரியாது. அவள் ஆட்டோவில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தோசை சுட்டுப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? போன வாரம். செராமிக் கடையில். கோட்டிங்கை அரை நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், அவர்கள் சரியாக அடிக்கிறார்களா என்று. கண்ணாடிக்குள் கிட்டுசாமி தயிர் டெம்போவுக்குப் பொட்டு வைக்கிறார். நான் நினைத்தது தப்பு, ஸ்டாண்டோடு நிற்கவில்லை. நிமிர்கிறார். என் காரை நோக்கி நாலு எட்டு.

“சார்! சார், இப்ப எந்திரிச்சா அவ்வளவுதான், பத்தரைக்கு ரெண்டு நிமிசந்தான் இருக்குது!” தண்டபாணி கத்துகிறார். நான் ஏற்கனவே வாசலில் இருக்கிறேன், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பின்னால் பறக்கிறது, வலது கன்னம் முழுக்க நுரை. தெருவில் எல்லோரும் திரும்புகிறார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் ஓடினேன், இதை மறைக்க விரும்பவில்லை. ஒன்பது நிமிடம், ஏழு நாள் எல்லாம் மண்டைக்குள் ஓடியும் கால் காருக்காகத்தான் ஓடியது. கிட்டுசாமியின் மூன்று விரலும் பானட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தன, சந்தனம் சொட்டத் தயாராக. வாயைத் திறந்தேன். நுரை உள்ளே போயிற்று, சோப்புக் கசப்பு. அதைத் துப்பிவிட்டுப் பேசுவதற்குள் வேறு ஏதோ வந்துவிட்டது. “அண்ணா, அந்த ஒம்போது நிமிச வழி எப்படிங்க போகோணும்?”

அவர் என்னைப் பார்த்தார். என் பாதி முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். “இங்க பாருங்க” என்று குனிந்தார். குனிந்து, அந்த மூன்று விரலில் ஒரு விரலால், என் பானட்டின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். “இது உங்க வீடு.” அங்கிருந்து ஒரு கோடு. “தண்ணி டேங்கு வரைக்கும் நேரா வாங்க. மெயின் ரோட்டுக்குப் போயிராதீங்க, அங்க பாலம் வேலை.” கோடு வளைந்தது. “இங்க மாரியம்மன் கோயிலு.” கிண்ணத்தில் விரலைத் தோய்த்து ஒரு பெரிய பொட்டு. “கோயில் தாண்டி லெப்ட்டு. வீதி குறுகல், ஆனாத் தாரு புதுசு.” தண்ணீர் படக்கூடாது, கை படக்கூடாது, எதையும் தடவக்கூடாது. “ஸ்கூலுகிட்ட என்னுங்க பண்றது? விடற நேரமா இருந்தா?” என்று கேட்கிறேன், கேட்பது நான்தான். “நல்லாக் கேட்டீங்க” என்று அவர் ஸ்கூலை ஒரு சதுரமாகப் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு கோடு இழுத்தார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “அண்ணா, அந்தப் பக்கம் பெரிய ஸ்பீடு பிரேக்கர் ரெண்டு போட்டுட்டாங்க” என்று அதில் ஒருவர் தன் விரலையும் கிண்ணத்தில் தோய்த்து இரண்டு கோடு குறுக்கே போட்டார். கடைசியில் வலது விளக்குக்கு மேலே ஆஸ்பத்திரி வந்தது. “முன் வாசல்ல நிறுத்தாதீங்க, வாட்ச்மேன் சண்டைக்கு வருவான். பின்னாடி வாசல்ல சாய்வா ஒரு வழி இருக்குது, சக்கர நாற்காலி வரும்.” ஆஸ்பத்திரியின் மேல் குங்குமம் வைத்தார். சூடத்தை ஏற்றி, என் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கை நுரையில் வழுக்கியது.

கடைக்குத் திரும்பியபோது கத்தி, கத்திரி, சீப்பு மூன்றும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் இருந்தன, பொட்டோடு. தண்டபாணி ஒரு ஈரத்துண்டை நீட்டினார். “நாளைக்கு வாங்க சார், முதல் ஆளா உங்களுக்குத்தான்” என்றார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் பார்த்த இன்னொன்று, அன்று கம்பெனி வாசலில் நின்ற அந்தச் சிவப்புக் காரின் பானட். யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல பெயர் வாங்கலாமே என்று நான் என் கைக்குட்டையை எடுத்தேன். சார் பொரிப் பொட்டலத்தோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “தொடாதே, இன்னும் மனப்பாடம் ஆகல” என்றார். பதினோரு நாள் கழித்து ஒரு மாலை நாலு மணிக்கு அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் காரில்தான் மனைவியைக் கூட்டிப் போனார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். இதை எழுதத் தொடங்கியபின் எனக்குச் சந்தேகம் வந்தது, எழுதினால் உண்மையாக இருக்க வேண்டுமே. ஸ்டாண்டுக்குப் போய்க் கிட்டுசாமியைக் கேட்டேன். கார்தான் என்றார் அவர். சீட்டில் பிளாஸ்டிக் இல்லையாம், பழைய சேலை ஒன்றை விரித்திருந்தார்களாம். பதினாறு நிமிடம் ஆயிற்றாம், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் சார் அவ்வளவு மெதுவாக இறக்கினாராம். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அம்மணி எனக்கும் போன் அடிச்சிருச்சுங்களே” என்றார். ஆஸ்பத்திரி வரை, காருக்குப் பின்னாலேயே, அவருடைய ஆட்டோ காலியாகப் போயிருக்கிறது.